நாடி துடித்தாலும் கால் போகலாம்: மாவுக்கட்டு போட்ட காலை நர்ஸ் பரிசோதிப்பது எப்படி?

வணக்கம். பைக்கில் இருந்து விழுந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்த ஒருவர் ஆர்த்தோ வார்டுக்கு வந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்-ரே எடுத்தாயிற்று. தொடையில் இருந்து பாதம் வரை மாவுக்கட்டு, காலுக்கு அடியில் தலையணை. டாக்டர் ரவுண்ட்ஸ் முடித்துப் போய்விட்டார். அடுத்த 24 மணி நேரம் அந்தக் கால் உங்கள் பொறுப்பு. எலும்பு கூட மாதக்கணக்கில் ஆகும். காலைப் பறிகொடுக்க ஒரு ராத்திரி போதும்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். அது தெரிந்தால் எதை முதலில் பார்ப்பது, எதை நம்பக் கூடாது என்பது தானாகப் பிடிபடும்.

[திரையில்: முழங்காலுக்குக் கீழே காலின் குறுக்குவெட்டுப் படம். நான்கு அறைகள், நான்கு நிறங்களில்.]

இந்தப் பகுதியில் தசைகள் நான்கு அறைகளில் அடைபட்டிருக்கின்றன. ஒவ்வோர் அறையையும் சுற்றி ஃபேஷியா என்ற கெட்டியான உறை. தோல் போல அது விரிந்து கொடுக்காது. எலும்பு முறிந்ததும் ரத்தம் கசிகிறது, தசை வீங்குகிறது, அறையோ பெரிதாவதில்லை. அழுத்தம்தான் ஏறுகிறது. வெளியே மாவுக்கட்டும் சேர்ந்துகொண்டால் வீக்கத்துக்குப் போக்கிடமே இல்லை.

சாதாரணமாக அறைக்குள் அழுத்தம் 10 மில்லிமீட்டர் பாதரசத்துக்குள் இருக்கும். அது 30, 40 என்று ஏறும்போது சன்னமான ரத்தக் குழாய்கள் முதலில் நசுங்கும். தசைக்கும் நரம்புக்கும் ஆக்சிஜன் போய்ச் சேருவது அந்தச் சன்னக் குழாய்கள் வழியாகத்தான். பெரிய தமனிக்குள் அழுத்தம் 120. அதை வெளியே இருக்கும் 40 அடைத்துவிட முடியாது. அதனால் பாதத்தில் நாடி துடித்துக்கொண்டே இருக்கும், நகத்தில் நிறமும் மாறாது, உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கும். இதற்குப் பெயர் கம்பார்ட்மென்ட் சிண்ட்ரோம். ரத்தம் கிடைக்காமல் 6 மணி நேரத்தைத் தாண்டினால் தசையில் மீட்க முடியாத சேதம் தொடங்கிவிடும்.

பி.பி. குறைவாக இருப்பவரிடம் கூடுதல் கவனம் வேண்டும். டயஸ்டாலிக் அழுத்தத்தில் (பி.பி.யில் கீழே எழுதும் எண்) இருந்து அறைக்குள் இருக்கும் அழுத்தத்தைக் கழித்தால் 30-க்குக் குறைவாக வந்தால் ஆபத்து என்பது டாக்டர்கள் பார்க்கும் கணக்கு. டயஸ்டாலிக் 80 இருப்பவருக்கு உள்ளே 50 தாண்ட வேண்டும். ரத்தம் நிறையப் போய் டயஸ்டாலிக் 50-க்கு இறங்கியவருக்கு 20 தாண்டினாலே போதும்.

சரி, படுக்கைக்குப் போவோம். முதல் 24 மணி நேரம் மணிக்கு ஒருமுறை, பிறகு டாக்டர் சொல்லும் இடைவெளியில். ஒவ்வொரு முறையும் முதலில் நல்ல கால், பிறகு அடிபட்ட கால். நல்ல காலைத் தொடாமல் 'சில்லென்று இருக்கிறது' என்று எழுதினால் அதற்கு அர்த்தமில்லை. ஃபேனுக்கு நேராகப் படுத்திருந்தால் இரண்டு காலுமே சில்லென்றுதான் இருக்கும்.

விரல்கள் அத்தனையும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பஞ்சு மூடியிருந்தால் ஒதுக்குங்கள். பெண்கள் காலில் மெட்டியும் கொலுசும் இருந்தால், கட்டு போடுவதற்கு முன்பே கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு மெட்டி விரலில் இறுகிவிடும். குடும்பத்தார் தயங்கினால், நல்ல காலில் இருக்கட்டும், இந்தக் காலில் வேண்டாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். மருதாணியோ நகப்பூச்சோ இருந்தால் நகத்தின் நிறத்தை நம்பாதீர்கள். விரல் நுனியின் சதையை அழுத்திப் பாருங்கள்.

இப்போது வலி. இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும், ஏனென்றால் முதலில் வரும் அடையாளம் இதுதான்.

“வலிக்குதா?” என்று கேட்டால் நம் ஊர் ஆண்கள் பாதிப் பேர் “பரவாயில்லை சிஸ்டர்” என்பார்கள். பக்கத்தில் இருக்கும் உறவினர், எலும்பு உடைந்தால் வலிக்கத்தானே செய்யும், பொறுத்துக்கோ என்று அடக்கிவிடுவார். அதனால் இப்படிக் கேளுங்கள்: “ஐயா, சுத்தமா வலியே இல்லைன்னா பூஜ்யம், தாங்கவே முடியலைன்னா பத்து. இப்ப எவ்வளவு? ஊசி போட்டதுக்கு முன்னாடி எவ்வளவு? வலி உடைஞ்ச இடத்துல மட்டுமா, இல்லை கெண்டைக்கால் முழுக்கவா?” கட்டு போட்டு, காலை அசையாமல் வைத்தால் முறிவின் வலி இறங்க வேண்டும். மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகும் வலி முறிவின் வலி அல்ல.

அடுத்து, அவரைச் சும்மா இருக்கச் சொல்லிவிட்டு, கால் கட்டைவிரலை நீங்களே மெதுவாகப் பாதத்தின் பக்கமாகக் கீழே மடக்குங்கள். முன்பக்க அறையின் தசை இழுபடும். காலில் அதிகமாகப் பாதிக்கப்படுவது இந்த அறைதான். பிறகு விரலை மேல்பக்கமாக வளையுங்கள். பின்பக்கத்து ஆழமான அறை இழுபடும். இந்தச் சின்ன அசைவுக்கே முகம் சுளித்து, கால் முழுக்க வலிக்கிறது என்றால் மணியைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: பாதத்தின் மேல்பக்கம். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே இருக்கும் இடுக்கு மட்டும் நிறமிட்டுக் காட்டப்படுகிறது.]

உணர்வைப் பார்க்கும்போது நோயாளி கண்ணை மூடியிருக்க வேண்டும். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் உள்ள இடுக்கை லேசாகத் தொடுங்கள். இது ஆழ்ந்த பெரோனியல் நரம்பின் இடம், முன்பக்க அறை வழியாக வருவது. உள்ளங்காலைத் தொட்டால் டிபியல் நரம்பு. “மரத்துப் போச்சா?” என்று கேட்காதீர்கள். “ரெண்டு கால்லயும் ஒரே மாதிரி தெரியுதா?” என்று கேளுங்கள். லேசான குறைவு அப்போதுதான் வெளியே வரும்.

அசைவை அவரே செய்து காட்ட வேண்டும்: விரல்களை மேலே தூக்க, கீழே மடக்க. கீழே மடக்க முடிகிறது, மேலே தூக்க முடியவில்லை என்றால் கட்டின் மேல் பகுதியையும் சோதியுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம், ஃபிபுலா எலும்பின் கழுத்தைச் சுற்றி பெரோனியல் நரம்பு தோலுக்கு ஒட்டியே ஓடுகிறது. கட்டோ ஸ்பிளின்டோ அங்கே அழுத்தினாலும் பாதம் தொங்கிவிடும். காரணம் எதுவாக இருந்தாலும் டாக்டருக்கு உடனே சொல்ல வேண்டிய விஷயம்தான்.

நிறம், சூடு, ரத்தம் திரும்பும் வேகம் ஆகியவை அரை நிமிட வேலை. நகத்தை 5 விநாடி அழுத்தி விடுங்கள். 2 விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். வெளுத்துச் சில்லிட்டால் தமனிப் பக்கம் கோளாறு. நீலம் பாய்ந்து உப்பியிருந்தால் ரத்தம் மேலே திரும்ப வழியில்லை. கட்டு இறுக்கமாக இருக்கலாம். கடைசியாக நாடி. பாதத்தின் மேலே, கட்டைவிரலைத் தூக்கும் கயிறு போன்ற தசைநாணுக்கு வெளிப்பக்கத்தில் டார்சாலிஸ் பீடிஸ். உள் கணுக்காலுக்குப் பின்னால் போஸ்டீரியர் டிபியல். கிடைத்த இடத்தில் பேனாவால் சின்னக் குறி போடுங்கள், அடுத்த டியூட்டியில் வருபவர் தேட வேண்டியதில்லை. சிலருக்கு டார்சாலிஸ் பீடிஸ் பிறவியிலேயே தட்டுப்படாது. அதற்கும் நல்ல காலே சாட்சி.

சந்தேகம் வந்துவிட்டது. என்ன செய்வது? இன்னொரு வலி ஊசியைப் போட்டு, தூங்கட்டும் என்று விடுவதுதான் இந்த இடத்தில் நடக்கும் பெரிய தவறு. டாக்டரை அழைக்கும்போது 'ரொம்ப வலிக்குதாம் சார்' என்று நிறுத்தாமல் இப்படிச் சொல்லுங்கள்:

“சார், 12ஆம் பெட், டிபியா ஃப்ராக்ச்சர், மத்தியானம் 2 மணிக்குக் கட்டு போட்டது. ராத்திரி 9 மணிக்கு வலி 5 இருந்தது. ஊசி போட்டு ஒரு மணி நேரம் ஆச்சு, இப்ப 8. கட்டைவிரலைக் கீழே மடக்கினா முன்கால் முழுக்க வலிக்குது. முதல் விரலிடுக்குல உணர்வு குறைஞ்சிருக்கு. நாடி இருக்கு, பி.பி. 110/70. கட்டைப் பிளக்கணும் சார், நீங்க உடனே வந்து பார்க்கணும்.”

அவர் வருவதற்குள் தலையணையை எடுத்துவிட்டுக் காலை இதயத்தின் மட்டத்தில் வையுங்கள். வீக்கம் என்றாலே காலை உயர்த்துவது பழக்கம். ஆனால் இங்கே உயர்த்தினால் காலுக்கு வரும் ரத்தத்தின் அழுத்தமும் குறைந்துவிடும். ஐஸ் வைக்க வேண்டாம். அறுவைச் சிகிச்சை தேவைப்படலாம் என்பதால் வாய் வழியாக எதுவும் கொடுக்க வேண்டாம். கட்டைப் பிளக்கும்போது மாவை மட்டும் பிளந்தால் போதாது. உள்ளே சுற்றிய பஞ்சையும் துணியையும் தோல் தெரியும் வரை, மேலிருந்து கீழ் வரை வெட்ட வேண்டும். ரத்தம் ஊறிக் காய்ந்த பஞ்சு கஞ்சி போட்ட துணி போல விறைத்து, அதுவே இறுக்கும். பிளந்தும் வலி இறங்கவில்லை என்றால் ஃபேஷியாவைத் திறந்துவிடும் ஃபேஷியாட்டமி தவிர வேறு வழியில்லை. அதன்பிறகு சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் செத்த தசையில் இருந்து கசியும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

தண்டுவடத்தில் மருந்து செலுத்தி மரத்துப் போனவர், மயக்கத்தில் இருப்பவர், குழந்தைகள், இவர்களால் வலியைச் சொல்ல முடியாது. குழந்தைகளிடம் மூன்றைப் பாருங்கள்: அமைதியின்மை, பதற்றம், அடிக்கடி வலி மருந்து தேவைப்படுவது. மரத்தில் இருந்து விழுந்து முழங்கைக்கு மேலே எலும்பு முறிந்த பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். கையில் ரத்த ஓட்டம் தடைபட்டு விரல்கள் நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மன் அறுவைச் சிகிச்சை நிபுணர் ரிச்சர்ட் வான் வோல்க்மன் 1881-லேயே எழுதிவைத்தார். இறுக்கிய கட்டுகளையே அவர் காரணமாகச் சொன்னார். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய நாட்டுக் கட்டோடு வரும் பிள்ளையை, முதலில் கட்டை அவிழ்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் பார்க்க வேண்டும். கையில் நரம்புகளைப் பார்க்க விளையாட்டாகவே கேட்கலாம்: கட்டைவிரலை உயர்த்திக் காட்டு, ரேடியல்; கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்து வட்டம் போடு, மீடியன்; விரல்களை விரித்துக் காட்டு, அல்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொல்ல வேண்டியவை. மாவுக்கட்டு முழுக்கக் காய 48 மணி நேரம் வரை ஆகும். அதுவரை தூக்கும்போது விரல் நுனியால் பிடிக்காமல் உள்ளங்கையால் தாங்குங்கள், விரல் பதிந்த பள்ளம் உள்ளே தோலில் புண்ணாகும். அரித்தால் குச்சி, ஸ்கேல் எதையும் உள்ளே விடக் கூடாது. கட்டில் இருந்து வாடை வந்தாலோ, ஓரிடத்தில் மட்டும் எரிந்தாலோ அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம். மாத்திரைக்கு அடங்காமல் வலி கூடினால், விரல் மரத்தால், நீலமானால், அசைக்க முடியாவிட்டால், நள்ளிரவானாலும் கேஷுவாலிட்டிக்கு வர வேண்டும், வண்டி இல்லையென்றால் 108-ஐ அழைக்க வேண்டும். இதை நோயாளியிடம் மட்டும் சொல்லாமல், ராத்திரி அவர் பக்கத்தில் படுக்கப் போகிறவரிடமும் சொல்லி, அவரையே ஒருமுறை நகத்தை அழுத்திப் பார்க்க வையுங்கள்.