குவாலியர்: கிழக்கே ஏறுங்கள், மேற்கே இறங்குங்கள்

அவையோர்க்கு வணக்கம்.

குவாலியர் கோட்டைக்கு வழி இரண்டு. மேற்கே உர்வாஹி வாசலில் கார் நேரே மேலே போய்விடும். கிழக்கே நடைதான். பலரும் காரில் ஏறிக் காரிலேயே இறங்குகிறார்கள். அவர்கள் தவறவிடுவது ஒரு பூஜ்யத்தை!

கிழக்குப் பாதையில் கணேச வாசலைத் தாண்டினால், பாறையைக் குடைந்த சின்னஞ்சிறு சதுர்புஜக் கோயில். பூட்டியிருந்தால் அங்குள்ள காவலரைக் கேளுங்கள். உள்ளே கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டு. கோயிலுக்கு விட்ட நந்தவனம் 187-க்கு 270 முழம். நாளும் 50 மாலை. அந்த 270-லும் 50-லும் உள்ள பூஜ்யம் நாம் போடுகிற அதே வட்டம், சற்றுச் சிறியது. உலகின் முதல் பூஜ்யம் என்பார்கள், தலையாட்டாதீர்கள். கம்போடியாவில் 683-லேயே புள்ளியாக ஒன்று கல்லில் ஏறிவிட்டது. இங்கே வியப்பு வேறு: பூமாலைக் கணக்குக்கே பூஜ்யம் போடுகிற அளவுக்கு அது அன்றாட வழக்காகிவிட்டிருக்கிறது.

மேலே முதலில் குவாலியர் மன்னர் மான்சிங் தோமர் கட்டிய அரண்மனை. நீல ஓடு பதித்த முகப்பு கிழக்கு பார்த்தது, அதனால் காலை வெயிலில்தான் நிறம் எழும். நிலவறைகள் இருட்டு, படி குறுகல்; டார்ச் வேண்டும்.

தேலி கா மந்திர் நம்மவர் நின்று பார்க்கவேண்டிய கோயில். வடக்கத்திக் கூர்ச்சிகரம் இல்லை. மாமல்லபுரத்துப் பீமரதம்போல, கூண்டு வண்டியின் கூரையாய் வளைந்த முகடு. உடனே ‘தெற்கத்தியார் கட்டியது’ என்று வழிகாட்டி சொல்வார். அவசரம் வேண்டாம். கருவறை நீள்சதுரம், அதன்மேல் கூர்ச்சிகரம் பொருந்தி உட்காராது. ஒடிசாவில், புவனேசுவரத்து வைதாள் கோயிலிலும் இதே முகடுதான். மாமியார்-மருமகள் கோயில் என்பதும் பேச்சில் மருவிய பெயர்; அது 1093-இல் மன்னன் மகிபாலன் நிறைவேற்றிய விஷ்ணு கோயில், ‘சகஸ்ரபாகு’தான் (ஆயிரம் கையோன்) ‘சாஸ்-பகு’ (இந்தியில் மாமியார்-மருமகள்) ஆனது என்பர்.

இறங்குவது உர்வாஹி வழியே, நடந்து. பாறையில் 15-ஆம் நூற்றாண்டுச் சமணத் தீர்த்தங்கரர் சிலைகள். மிகப் பெரியது 57 அடி. பாபர் ஆணையால் முகங்கள் சிதைந்தன. சில தலைகள் பின்னர் சுதையால் ஒட்டுப்போட்டவை, உற்றுப்பார்த்தால் தெரியும்.

மே மாதம் போகாதீர்கள். வெயில் 45 டிகிரியைத் தாண்டும், மேலே கோயிலுக்குக் கோயில் நடை அதிகம். கிழக்கடிவாரத்துக் குஜரி மகால் அருங்காட்சியகத்தை மறுநாளுக்கு வையுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. கியாரஸ்பூரில் கிடைத்த சாலபஞ்சிகை என்ற புகழ்பெற்ற பெண் சிற்பம், அவள் அங்கேதான் இருக்கிறாள். கண்ணில் படவில்லையென்றால் ஊழியரிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.