ஒல்லியானவருக்கு ஏன் ஃபேட்டி லிவர்?

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு ஸ்கேன் மருத்துவர். வயிற்றில் ஜெல் தடவிவிட்டு "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்கிற ஆள்தான். எங்கள் ரிப்போர்ட்டுகளில் இப்போது அடிக்கடி வருகிற வரி 'கிரேடு 1 ஃபேட்டி லிவர்'. சிலர் அதைப் படித்துப் பயந்துபோகிறார்கள், சிலர் எல்லாருக்கும் இருக்கிறதுதானே என்று மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறார்கள். இன்னும் சிலர் கேட்பார்கள்: "சார், நான் ஒல்லிதான், குடிக்கிற பழக்கமும் கிடையாது, எனக்கு எப்படி வந்துச்சு?" நியாயமான கேள்வி. பதில் தொப்பைக்குள்ளே இருக்கிறது.

முதலில் அந்த கிரேடு. அல்ட்ராசவுண்டில் கல்லீரலையும் வலது சிறுநீரகத்தையும் ஒரே படத்தில் வைத்துப் பார்ப்போம். சாதாரணமாக இரண்டின் வெளுப்பும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும், கொழுப்பு சேர்ந்தால் கல்லீரல் மட்டும் பளிச்சென்று வெளுக்கும். அதுதான் கிரேடு 1. உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் சுவர் மங்கினால் 2, பின்னால் இருக்கும் உதரவிதானமே தெரியாமல் போனால் 3. எல்லாம் கண்ணால் பார்த்துச் சொல்கிற மதிப்பீடு என்பதால், ஒருவர் 1 என்று எழுதுவதை இன்னொருவர் 2 என்று எழுதலாம். கொழுப்பு குறைவாக இருந்தால் படத்தில் தெரியாமலும் போகலாம். ஆகவே போன வருஷம் 2, இந்த வருஷம் 1 என்று கொண்டாட அவசரப்பட வேண்டாம்.

சிடி ஸ்கேன் விஷயம் வேறு, அங்கே ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண் உண்டு. தண்ணீர் 0, கொழுப்பு மைனஸ் 100 பக்கம், மருந்து ஏற்றாமல் எடுத்த படத்தில் நல்ல கல்லீரல் 50, 60 வாக்கில் இருக்கும், மண்ணீரலைவிடச் சற்று அதிகம். கொழுப்பு சேரச் சேர அந்த எண் இறங்கி, அல்ட்ராசவுண்டுக்கு நேர் எதிராகக் கல்லீரல் கறுத்துக்கொண்டே வரும், 40-க்குக் கீழே போனால் கொழுப்பு கணிசமாக இருக்கிறது என்று அர்த்தம். அதே சிடியில் தொப்புள் மட்டத்தில் ஒரே ஒரு படத்தை எடுத்துப் பாருங்கள், கொழுப்பு இரண்டு இடத்தில் தெரியும்: தோலுக்கும் தசைக்கும் நடுவே வளையமாக ஒன்று, தசைச் சுவருக்கு உள்ளே குடலைச் சுற்றி இன்னொன்று. இந்த உள் கொழுப்பை அளப்பதில் ஜப்பான்காரர்கள் முன்னோடிகள், தொப்புள் மட்டத்தில் அது 100 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால் ஆபத்து என்று அங்கே வரையறுத்திருக்கிறார்கள். ஒரே எடையுள்ள இரண்டு பேரில், உள் கொழுப்பு அதிகம் இருப்பவருடைய கல்லீரல்தான் பெரும்பாலும் கறுத்துத் தெரியும்.

ஏன் அப்படி? குடலிலிருந்தும் அதைச் சுற்றியுள்ள கொழுப்பிலிருந்தும் கிளம்பும் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குத்தான் போகிறது, அந்தக் கொழுப்பு கரைந்து விடுகிற கொழுப்பு அமிலங்களும் கூடவே போகின்றன. இது உண்மைதான், ஆனால் முழுக்கதை இல்லை, ஏனென்றால் கல்லீரலுக்கு வந்து சேரும் கொழுப்பு அமிலத்தில் பெரும்பகுதி தோலடிக் கொழுப்பிலிருந்துதான் வருகிறது. என் பார்வையில் இன்னும் பொருத்தமான விளக்கம் இதுதான்: தோலடிக் கொழுப்பு ஒரு கிடங்கு மாதிரி, அங்கே இடமில்லாமல் போனால் மிச்சம் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் போய் இறங்குகிறது. தோலடிக் கொழுப்பே இல்லாமல் பிறக்கிறவர்கள் மிக அபூர்வமாக உண்டு. பார்க்க எலும்பும் தோலுமாக இருப்பார்கள், கல்லீரலிலோ கொழுப்பு குவிந்திருக்கும். இதற்கு எதிர்ப்பக்கம் ஓர் ஆய்வு, 2004-இல் அமெரிக்காவில் வந்தது: பருமனான பெண்களுக்கு வயிற்றுத் தோலடிக் கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள், கொஞ்சநஞ்சமல்ல, சுமார் 10 கிலோ. இன்சுலின் வேலை செய்யும் விதத்தில் ஒரு முன்னேற்றமும் இல்லை. லைப்போசக்‌ஷன் விளம்பரம் பார்க்கிறவர்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளலாம்.

இப்போது ஒல்லியானவருக்கு வருவோம். அதே 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவர் படத்தையுமே போட்டார்கள். இருவருக்கும் பிஎம்ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம்மவர்கள் நிறையப் பேருடைய நிலை இதுதான், எடை மெஷினில் நின்றால் ஒன்றும் தெரியாது. சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று இந்தியா முழுக்க நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வு 2023-இல் வெளியானது. அதில் பிஎம்ஐ கணக்குப்படி பருமனானவர்கள் 28.6 சதவீதம், இடுப்புச் சுற்றளவுப்படி பார்த்தால் 39.5 சதவீதம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறவர்களைத்தான் எடை மெஷின் கோட்டைவிடுகிறது.

அப்போ எல்லாரும் போய் சிடி எடுக்க வேண்டுமா? வேண்டவே வேண்டாம், இதற்காக மட்டும் கதிர்வீச்சு வாங்கிக்கொள்வது வீண். தையல்காரர் டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக விட்ட பிறகு அளக்க வேண்டும், வயிற்றை எக்கக் கூடாது. நமக்கு எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. "என் பேண்ட் சைஸ் 34தான்" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள், பேண்ட் தொப்பைக்குக் கீழே நிற்கிறது, அது எப்படிச் சொல்லும்?

எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரல் கொழுப்பு குறைய ஆரம்பிக்கும், 70 கிலோ ஆளுக்கு அது மூன்றரை கிலோ. உடற்பயிற்சி செய்தால் எடை பெரிதாக இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு இறங்குகிறது.

அப்புறம் ஒன்று, கொழுப்பு எவ்வளவு என்பதைவிடக் கல்லீரலில் தழும்பு விழுந்திருக்கிறதா என்பது முக்கியம், அதை கிரேடு சொல்லாது. சர்க்கரை நோயும் ஃபேட்டி லிவரும் சேர்ந்து இருப்பவர்கள் டாக்டரிடம் ஃபிப்-4 என்ற, தழும்பைக் கணிக்கும் கணக்கைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். வயது, எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி (இரண்டும் ரத்தத்தில் பார்க்கும் கல்லீரல் என்சைம்கள்), பிளேட்லெட் எண்ணிக்கை, இந்த நான்கு போதும். அது சந்தேகமாக வந்தால் மட்டும் ஃபைப்ரோஸ்கேன், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கிற ஸ்கேன். அந்த எண்கள் நீங்கள் சமீபத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனைத் தாளிலேயே இருக்கக்கூடும், எடுத்துப் பாருங்கள்.