ஈரம் இருந்தால்தான் வெள்ளி வேலை செய்யும்

நேயர்களுக்கு வணக்கம்.

நம்ம மதுரையில் வெள்ளி என்றால் தெற்காவணி மூல வீதிதான் நினைவுக்கு வரும். கொலுசு, குத்துவிளக்கு, குழந்தைக்கு அரைஞாண். இப்போது அதே வெள்ளி பெயிண்ட் வாளியின் மேலும் வந்துவிட்டது. 'வெள்ளி அயனி கலந்தது, 99 சதவீதக் கிருமிகளை அழிக்கும்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். நான் கல்லூரியில் வேதியியல் நடத்தியவன் என்பதால், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கிறார்கள்: "சார், கூடக் காசு கொடுத்து இதை வாங்கலாமா?" அதற்குத்தான் இன்றைக்குப் பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் கொலுசிலிருந்து தொடங்குகிறேன். ஆறு மாதம் போட்ட கொலுசு கறுத்துப் போகும். பெண்கள் விபூதி வைத்துத் தேய்த்து, மறுபடி பளபளப்பாக்குவார்கள். அந்தக் கறுப்பு என்ன தெரியுமா? வெள்ளியும் கந்தகமும் சேர்ந்த சல்பைடு. காற்றிலும் வியர்வையிலும் இருக்கிற கொஞ்சூண்டு கந்தகத்தை வெள்ளி விடாமல் பிடித்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்வதும் இதே குணம்தான். பாக்டீரியாவின் உடம்பில் இருக்கிற நொதிகள் பலவற்றில் கந்தகம் உண்டு. வெள்ளியிலிருந்து பிரிந்து வருகிற அயனி, அதாவது மின்னூட்டம் கொண்ட வெள்ளி அணு, அங்கே போய் ஒட்டிக்கொண்டால், நொதியின் வேலை நின்றுபோகும். அயனி செல்லின் மேல்சவ்வையும் பழுதாக்கும், மூச்சு விடுகிற வேலையையும் தடுக்கும். ஒரே நேரத்தில் பல இடத்தில் அடிப்பதால்தான் மிகக் குறைந்த அளவிலேயே வெள்ளி வேலை செய்கிறது. கார்ல் நேகெலி என்ற தாவரவியலாளர் இதை ஆராய்ந்து எழுதியது 1893-இல், அவர் இறந்த பிறகு வெளிவந்தது. அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டு முன்பே, ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கிரெடே என்ற மருத்துவர், பிறந்த குழந்தையின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டு, தாயிடமிருந்து தொற்றிக் கண் போவதைத் தடுத்தார். எத்தனையோ குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றிய சொட்டு அது.

எங்கள் அப்பத்தா வெள்ளிச் சங்கில்தான் எனக்குப் பால் புகட்டினாராம். வெள்ளி கிருமியைக் கொல்லும் என்று அந்தக் காலத்திலேயே தெரிந்திருக்கிறது என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் பால் அந்தச் சங்கில் இருப்பது ஒரு நிமிஷம். அதிலும் பாலில் உள்ள புரதம், வருகிற கொஞ்ச அயனியையும் பிடித்துக்கொள்ளும். வெந்நீரில் கழுவிய சங்கு என்பதுதான் அங்கே பாதுகாப்பு.

சரி, பெயிண்டுக்கு வருவோம். பெயிண்ட் கம்பெனிகள் வெள்ளியைத் தகடாகவோ தூளாகவோ அப்படியே போடுவதில்லை. கண்ணாடித் தூளிலோ, சியோலைட் என்கிற நுண்துளைக் கனிமத்திலோ அயனியை ஏற்றிக் கலப்பார்கள். இன்னொரு வழி நானோ துகள், அதாவது கண்ணுக்கே தெரியாத மிக நுண்ணிய வெள்ளித் துகள். 2008-இல் ஜார்ஜ் ஜான், புலிக்கல் அஜயன் ஆகியோரின் குழு ஓர் அழகான வேலை செய்தது. ஆளிவிதை எண்ணெய் போன்ற எண்ணெய்கள் காற்றில் காயும்போது ஆக்சிஜனை இழுத்து இறுகும் அல்லவா, அந்த வினையில் உண்டாகும் மூலக்கூறுகளையே வைத்து, கலந்த வெள்ளி உப்பை அங்கேயே நானோ துகளாக மாற்றினார்கள். தனியாக ரசாயனம் எதுவும் சேர்க்கவில்லை. கண்ணாடி, மரம், இரும்பு என்று எதில் பூசினாலும் அந்தப் பூச்சு கிருமியைக் கொன்றது.

இவ்வளவு நல்ல பொருள் என்றால் வாங்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் ஒரு விஷயம் இருக்கிறது. வெள்ளி வேலை செய்ய ஈரம் வேண்டும். அயனி, பூச்சிலிருந்து கிருமிக்குப் போய்ச் சேர நடுவில் தண்ணீர் இருக்க வேண்டும். வாளியில் போட்டிருக்கிற 99 சதவீதம் எப்படி வருகிறது என்று பாருங்கள். ஐஎஸ்ஓ என்ற சர்வதேசத் தர அமைப்பு வகுத்த, ஐஎஸ்ஓ 22196 என்று ஒரு சோதனை முறை. 5 சென்டிமீட்டர் சதுரத் துண்டு ஒன்றில் பெயிண்ட் பூசி, அதன்மேல் கிருமி கலந்த 0.4 மில்லி நீரை விட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடி, 35 டிகிரி வெப்பத்தில், 90 சதவீதத்துக்குக் குறையாத ஈரப்பதத்தில் 24 மணி நேரம் வைக்கிறார்கள். நம் வீட்டு வரவேற்பறைச் சுவர் அப்படியா இருக்கிறது? சித்திரை வெயிலில், மேலே மின்விசிறி ஓட, தொட்டால் விரலில் தூசி ஒட்டுகிற அளவுக்குக் காய்ந்து கிடக்கும். 2009-இல் இங்கிலாந்தில் இதைச் சோதித்தார்கள். ஈரமான நிலையில் கிருமியைப் பெரிதாகக் குறைத்த வெள்ளிப் பூச்சு, சாதாரண அறையின் வறண்ட காற்றில் குறிப்பிடும்படியாக எதுவும் செய்யவில்லை. செம்பு மட்டும் இரண்டு நிலையிலும் வேலை செய்தது.

அதுபோக, அழுக்கு. சுவர்மேல் எண்ணெய்ப் பிசுக்கு, கை அழுக்கு படிந்தால் அதிலுள்ள புரதமும் கந்தகமும் வெள்ளியை முதலில் பிடித்துக்கொள்ளும், கிருமிக்கு மிச்சம் குறைவு. உப்புத் தண்ணீரில் துடைக்கிற வீடுகளில் குளோரைடும் சேர்ந்து, எளிதில் கரையாத உப்பாக ஒரு பங்கைக் கட்டிப்போடும்.

என் வீட்டிலேயே பார்த்த கதை ஒன்று சொல்கிறேன். எங்கள் குளியலறைக்கு அடுத்த சுவரில், தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூசணம் பிடிக்கும். கடைக்காரர் ஆசையாகப் பேசி, வெள்ளி கலந்த பெயிண்ட் கொடுத்தார். இரண்டு கோட் அடித்தோம். கார்த்திகை மழை முடிவதற்குள் அதே இடத்தில் சிறு சிறு புள்ளியாக மறுபடி வந்தது. ஊதா கலந்த கறுப்பு, கடுகு அளவு. பிறகு கொத்தனார் தம்பி வந்து தட்டிப் பார்த்தார். சுவருக்குள் ஓடிய குழாயின் இணைப்பில் கசிவு. அதைச் சரிசெய்து, உப்பிப்போன பூச்சை உரித்து, மூன்று வாரம் காய விட்டு, பட்டி பார்த்து, சாதாரண பெயிண்டே அடித்தோம். இப்போது பூசணம் இல்லை. பூசணம் பாக்டீரியா அல்ல, அதை வெள்ளி அவ்வளவு சுலபமாகக் கட்டுப்படுத்துவதில்லை. பூசணத்துக்கு வேண்டியது ஓதம், அதாவது சுவரில் ஊறுகிற ஈரம். ஓதம் நின்றால் பூசணம் நிற்கும்.

முன்னெல்லாம் பொங்கலுக்கு முன்னால் சுண்ணாம்பு நீற்றி, துளி நீலம் கலந்து வெள்ளையடிப்போம். தண்ணீர் ஊற்றியதும் சுண்ணாம்புக் கல் கொதித்துப் புகைவது சின்ன வயதில் எங்களுக்கு வேடிக்கை. புதிதாக அடித்த சுண்ணாம்பில் காரம் அதிகம்; அதை அளக்கிற பிஹெச் எண் 12-க்கு மேல் இருக்கும். அதில் கிருமிகளும் பூசணமும் பெரும்பாலும் தாங்காது. ஆனால் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் குடித்து அது வெறும் சுண்ணக்கல்லாக மாறிவிடும், காரம் போய்விடும். வருஷா வருஷம் அடித்ததற்கு அழகு மட்டும் காரணம் அல்ல.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், எனக்கு இதுதான் உள்ளே உறுத்துகிறது. வெளிச்சுவரில் அடித்தால் வெள்ளி அங்கேயே இருக்காது. சுவிட்சர்லாந்தில் 2010-இல் வெளிவந்த ஆய்வில், மாதிரிச் சுவர் ஒன்றில் பூசிய நானோ வெள்ளியில் 30 சதவீதத்துக்கு மேல் ஒரே ஆண்டில் மழையோடு போய்விட்டது. அது நம் ஊரில் நடந்தால் வாய்க்காலுக்கும் கண்மாய்க்கும் வைகைக்கும் போகும். மீனுக்கும் பாசிக்கும் வெள்ளி அயனி மிகச் சிறிய அளவிலேயே நஞ்சு. அப்புறம், கிருமிகளும் வெள்ளிக்குப் பழகிக்கொள்ளும். 1975-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், தீக்காயத்துக்கு சில்வர் நைட்ரேட் போட்ட பிரிவில், வெள்ளிக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் சேர்த்தே அசையாத சால்மனெல்லா என்ற பாக்டீரியா கிளம்பியது. அந்தத் தாங்கும் குணம், ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய மரபணுத் துண்டில் இருந்தது. தீப்பட்ட ஒருவருக்கு வெள்ளி மருந்து கைகொடுக்காமல் போவதை நினைத்தால், படுக்கையறைச் சுவரில் அதை வீணாக்க எனக்கு மனசு வரவில்லை.

எங்கே போடலாம் என்று கேட்டால், பலர் தொடுகிற, அடிக்கடி ஈரம் படுகிற, சுத்தமாகத் துடைக்கிற இடங்களில் பயன் உண்டு. ஆஸ்பத்திரிக் கட்டிலின் கம்பி, கதவுக் கைப்பிடி, தண்ணீர்த் தொட்டியின் உட்புறம் இப்படி. தொட்டிக்கென்றால் குடிநீரில் வெள்ளி லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற இந்தியத் தர அளவைக் கவனிக்க வேண்டும், அதற்கென்றே சான்று பெற்ற பூச்சாக இருக்க வேண்டும். யாரும் கைவைக்காத சுவருக்கு வேண்டாம்.

கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். எந்தக் கிருமியில் சோதித்தீர்கள்? எத்தனை முறை தேய்த்துக் கழுவிய பிறகு சோதித்தீர்கள்? எந்த ஈரப்பதத்தில்? சோதனை அறிக்கையை எடுத்துக் காட்டினால் நிதானமாகப் படித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். காட்டாவிட்டால், அந்தக் கூடுதல் காசில் முதலில் கசிவைச் சரிசெய்து, மிச்சத்தில் ஒரு சோப்பு வாங்கிக் கை கழுவும் இடத்தில் வையுங்கள். வணக்கம்.