பல்பு எரியற கடை

வணக்கம். பெங்களூரு ஹலசூருல மோட்டார் ரீவைண்டிங் கடை, அதாவது எரிஞ்சுபோன மோட்டார் காயிலைப் பிரிச்சுப் புதுக் கம்பி சுத்தற கடை, வச்சிருக்கறவளை எதுக்கு ரேடியோவுக்குக் கூப்பிடறாங்கன்னு முதல்ல புரியல, அப்புறம்தான் சொன்னாங்க, அப்பாவைப் பத்திப் பேசணுமாம். அவர் இருந்திருந்தா நீங்க கூப்பிட்டாலும் வந்திருக்க மாட்டார்.

அப்பாவுக்கு வட ஆற்காடு, கம்மவான்பேட்டைக்குப் பக்கத்து ஊர். அந்தப் பக்கமெல்லாம் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துல இருப்பாங்க. 1962ல, சீனா சண்டை வருஷம், இவரும் ட்ரங்குப் பெட்டியோட வந்து நம்ம ஹலசூர் ஏரிக்கரை எம்.இ.ஜி. சென்டர்ல, மெட்ராஸ் என்ஜினியர் குரூப்புல, சேர்ந்துட்டார். அவங்களைத்தான் மெட்ராஸ் சாப்பர்ஸ்னும் சொல்வாங்க, பாலம் போடறது, கண்ணிவெடி எடுக்கறதுன்னு ராணுவத்தோட என்ஜினியர் வேலை பாக்கறவங்க, 1780ல ஆரம்பிச்ச படை, ஆர்மில இன்னைக்கும் அவங்களுக்குப் பேரு 'தம்பி'தான். எலக்ட்ரீஷியன் வேலை கத்துக்கிட்டது அங்கதான்.

1971 டிசம்பர்ல அவர் இருந்தது 9 என்ஜினியர் ரெஜிமெண்ட், பாகிஸ்தான் சண்டைல ஷகர்கர் பக்கம். பசந்தர் ஆத்தைத் தாண்டி பூனா ஹார்ஸ் ரெஜிமெண்ட் டாங்கிங்க போகணும், நடுவுல பூரா கண்ணிவெடி. அந்த டாங்கிப் படை ஆபீசர் அருண் கேத்தர்பால் பேரு எல்லாருக்கும் தெரியும், 21 வயசுல பரம்வீர் சக்ரா. அந்த டாங்கிங்களுக்கு வழி போட்டது சாப்பர்ஸ், அதுல இவங்க ரெஜிமெண்ட் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரி உயிரை விட்டார், அவருக்கு மகாவீர் சக்ரா. இதெல்லாம் நான் வெளில தெரிஞ்சுக்கிட்டது. அப்பா வாயால வந்தது ஒண்ணே ஒண்ணு, கண்ணிவெடி தேடற கம்பியை எப்பவும் சாய்ச்சுதான் மண்ணுக்குள்ள விடணும், நேரா குத்தினா வெடியோட தலைல பட்டுடும், சாய்ச்சு விட்டா பக்கவாட்டுல முட்டும்னு. அதையும் எனக்கு வைண்டிங் சொல்லிக்குடுக்கறப்போதான் சொன்னார், மூங்கில் குச்சியால காயில் கம்பியை மோட்டாரோட ஸ்லாட்டுக்குள்ள, அதாவது அதுக்குன்னு இருக்கற பள்ளத்துக்குள்ள, தள்ளிக்கிட்டே.

1978ல பென்ஷன் வாங்கிட்டு வந்தார். காவேரித் தண்ணி 1974லயே ஊருக்கு வந்திருந்தாலும் குழாய்ல எப்ப வரும்னு யாருக்குத் தெரியும், அதனால வீட்டுக்கு வீடு சம்ப், தரைக்கடியில தண்ணித் தொட்டி, கட்டினாங்க, சம்ப் இருந்தா மோட்டார் வேணும், மோட்டார் இருந்தா காயில் எரியும். அம்மா சங்கிலியை அடகு வச்சு பஜார் தெருவுல ஒரு சின்ன கடை போட்டார்.

கடையைக் கட்டினது அப்பான்னுதான் எல்லாரும் சொல்றாங்க. என்னைக் கேட்டா பாதி அம்மா. இவருக்குக் காசு கேக்கவே வராது. ஒரு கல்யாண மண்டபத்துக்காரர் ரெண்டு மோட்டார் ரிப்பேர் பண்ணிட்டு ஆறு மாசம் இழுத்தடிச்சப்போ, முகூர்த்த நாளாப் பாத்து அம்மா போய் ரிசப்ஷன் வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டாங்க, சாப்பாடு நேரத்துக்குள்ள பணம் கைக்கு வந்துடுச்சு!

என் கூடப்பொறந்த தம்பி தொழிலுக்கு வந்த புதுசுல நடந்ததையும் சொல்லணும். காப்பர் விலை ஏறிட்டே போகுது, எல்லாரும் அலுமினியம் சுத்தறாங்க, வார்னிஷ் போட்டா யாருக்குத் தெரியப்போகுதுன்னு இவனும் மூணு மோட்டார்ல அலுமினியத்தைச் சுத்திட்டு காப்பர் ரேட்டு வாங்கிட்டான். அப்பா ஒண்ணைத் தூக்கிப் பாத்தார், கை சொல்லிடுச்சு. பிளேடால கம்பியைச் சுரண்டினா வெள்ளை வெளேர்னு இருக்கு. திட்டவே இல்ல. மூணையும் பிரிச்சுப் போட்டு, "தம்பி, நீயே திரும்பச் சுத்து, காப்பர் காசு உன் கையில இருந்து"ன்னார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பக்கத்துலயே ஸ்டூல் போட்டு உக்காந்திருந்தார், கம்பி எத்தனை சுத்து, அதான் டர்ன்ஸ், எண்ணிக்கிட்டே. அவன் இன்னமும் அந்தக் கதையை எடுத்தா மூஞ்சியத் திருப்பிக்குவான், கேட்டுட்டு இருந்தா மன்னிச்சுக்கடா.

அப்பா போனப்புறம் நாங்க கையில வச்சிருக்கறது அவரோட நோட்டுங்கதான். பிரிச்ச ஒவ்வொரு மோட்டாருக்கும் எத்தனை ஸ்லாட், எத்தனை டர்ன்ஸ், கம்பி என்ன கேஜ் தடிமன், யார் வீடு, எல்லாம் பென்சில்ல. 2024 கோடைல போர்வெல் எல்லாம் வத்தி, காத்தை இழுத்து ஓடி எரிஞ்ச மோட்டாருங்க பிளாட்பாரம் வரைக்கும் வரிசையா நின்னுச்சு. அதுல ஃப்ரேசர் டவுன்ல இருந்து ஒரு பழைய மோனோபிளாக், மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கறது, காயில் கருகி ஒண்ணுமே எண்ண முடியல. நோட்டைப் புரட்டினா அதே வீடு, 1986. அதைப் பாத்தே சுத்திட்டோம்.

சுத்தின கம்பில போட்ட வார்னிஷ் காய நாங்க சூடு பண்ற ஓவன் (oven) எல்லாம் வாங்கல, ஸ்டேட்டர், அதாவது காயில் இருக்கற மோட்டார் கூடு, அது நடுவுல 200 வாட் குண்டு பல்பை எரிய விட்டு ராத்திரி பூரா வச்சிடுவோம், அதுவும் அப்பா பண்ணின மாதிரிதான். இப்பக்கூட ஒண்ணு எரிஞ்சிட்டு இருக்கு, தம்பி வெளியூர் போயிருக்கான், நான் போய்த்தான் அணைக்கணும். வரேங்க, வணக்கம்.