இன்னொரு கை எங்கே?

(நகைச்சுவைக் கலைஞர்களைப் போற்றும் விழாவொன்றில், திருச்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாவுக்குத் தலைமை தாங்கும் ஓய்வுபெற்ற நீதிபதி ஐயா அவர்களே, முன்னிலை வகிக்கும் மாமன்ற உறுப்பினர் அம்மையார் அவர்களே, வரவேற்புரை என்ற பெயரில் என் உரையில் பாதியை முன்கூட்டியே பேசி முடித்துவிட்ட தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, கடைசி வரிசையில் பேரப்பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயலாளர் அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பொன்னாடை வேண்டாம், புத்தகம் கொடுங்கள் என்று நான் ஏறும் மேடையெல்லாம் சொல்லி வருகிறேன். அவரும் ஒவ்வோர் ஆண்டும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டு பொன்னாடையையே போர்த்துகிறார். அவர் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவர் நியாயம் அவருக்கு. ஒலிபெருக்கி அமைத்த தம்பிக்கும் நன்றி. சென்ற ஆண்டு கூச்சலிட்ட கருவி இந்த ஆண்டு முனகுகிறது. முன்னேற்றம்தான்.

'சிரிக்க வைத்தவர்கள்: அன்றும் இன்றும்' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. இதை மூன்று பகுதிகளாகப் பேச எண்ணியிருக்கிறேன். முதலாவது, நாடக மேடையிலிருந்து திரைக்கு வந்த முன்னோடிகள். இரண்டாவது, நகைச்சுவையில் வட்டார வழக்கு. சென்னைத் தமிழும் கோவைத் தமிழும் மதுரைத் தமிழும் செய்த வேலை. மூன்றாவது, இந்தக் கலைஞர்களின் முதுமைக் காலம். தலைவர் எனக்கு முப்பது நிமிடம் தந்திருக்கிறார். அதில் ஆறு நிமிடம் வணக்கத்திலேயே போய்விட்டது.

ஒரு கை தட்டினால் ஓசை எழுமா? இந்தப் பழமொழி என்னை விடுவதாக இல்லை. இன்று இதை நான் நாலைந்து முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நகைச்சுவைக் காட்சி என்பதே இரண்டு பேர் வேலை. ஒருவர் எடுத்துக் கொடுக்க வேண்டும். மற்றவர் முடித்து வைக்க வேண்டும். எடுத்துக் கொடுப்பவர் அரை நொடி பிசகினால், முடித்து வைப்பவர் எத்தனை பெரிய கலைஞராக இருந்தாலும் கொட்டகை அசையாது. தமிழ்த் திரையில் அந்த இரண்டு பேரில் ஒருவருக்குச் சிலை இருக்கிறது, அரங்கம் இருக்கிறது, விருது இருக்கிறது. இன்னொருவர் பெரும்பாலும் பெண். அவருக்கு என்ன இருக்கிறது?

கலைவாணரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1908-இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தார் என்.எஸ். கிருஷ்ணன். வில்லுப்பாட்டு, பிறகு நாடகக் கம்பெனி, 1936-இல் 'சதிலீலாவதி'. எம்.ஜி.ஆருக்கும் அதுதான் முதல் படம். சிரிப்புக்குள் சீர்திருத்தத்தை வைத்தவர் அவர். நந்தனார் கதையை எடுத்துக் 'கிந்தனார்' ஆக்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார். நந்தன் கோயிலுக்குப் போக ஏங்கினான். கிந்தன் படிக்கப் போனான். அண்ணா கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' 1949-இல் வந்தபோது, பிரசாரம் செய்கிறார் என்று முகம் சுளித்தவர்களும் கொட்டகையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

அவருக்கு இணை டி.ஏ. மதுரம். நம் திருவரங்கத்துப் பெண். கைதட்டுகிறீர்கள், மகிழ்ச்சி. ஆனால் இந்த அரங்கில் எத்தனை பேருக்கு அவர் நம் ஊர்க்காரர் என்பது இந்த நொடிக்கு முன்னால் தெரியும்? சரி, கையை உயர்த்த வேண்டாம்.

இவர்கள் சந்தித்த கதை ஒன்று உண்டு. மேடைக்கு மேடை வேறு வேறு விதமாகச் சொல்லப்படும். நான் கேட்ட விதத்தில் சொல்கிறேன். 'வசந்தசேனா' படப்பிடிப்புக்காக ஒரு கூட்டம் ரயிலில் புனேவுக்குப் போகிறது. அந்தக் காலத்தில் தமிழ்ப்படம் எடுக்கப் புனே, கல்கத்தா, பம்பாய் என்று போவது வழக்கம். கூட்டத்தில் வாய்ச்சவடால் மிக்க இளைஞர் ஒருவர். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டே வருகிறார். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. சன்னலோரம் அமர்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வருகிறார் மதுரம். நகைச்சுவைக் கலைஞனுக்குச் சிரிக்காத ஒரு முகத்தைக் கண்டால் சோறு இறங்காது, தெரியுமல்லவா? நம் தலைவர் ஐயாவைப் போல. அவர் இதுவரை சிரிக்கவில்லை, எனக்கு வியர்க்கிறது. (தலைவர் சிரித்தார்.) நன்றி ஐயா, இனி நிம்மதியாகப் பேசுவேன்.

வழியிலோ புனே போய்ச் சேர்ந்த பிறகோ, கூட்டத்தாரிடம் பணம் தீர்ந்துபோகிறது. அத்தனை பேருக்கும் சாப்பாடு வேண்டும். கிருஷ்ணன் மதுரத்திடம் போய்க் கடன் கேட்கிறார். அவரும் கொடுக்கிறார். அந்தப் பணத்தில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கி, சமையலுக்கு ஆள் வைத்து, எல்லோருக்கும் இலை போட்டுப் பரிமாறி, அதற்குக் காசுக்குக் காசு கணக்கும் எழுதி வைத்தாராம். பிற்காலத்தில் கேட்டவர்க்கெல்லாம் கணக்குப் பார்க்காமல் அள்ளிக் கொடுத்தே வெறுங்கையானவர், வாழ்க்கையில் ஒழுங்காகக் கணக்கு எழுதியது அந்த ஒரு முறைதான் என்று நினைக்கிறேன். கணக்கைப் பார்த்து மயங்கினாரோ, சாப்பாட்டைப் பார்த்து மயங்கினாரோ, புனேயிலேயே இருவருக்கும் திருமணம் நடந்துவிடுகிறது.

ஊர் திரும்பிய பிறகுதான் மதுரத்துக்குத் தெரிகிறது, கலைவாணருக்கு ஏற்கெனவே நாகர்கோவிலில் மனைவி உண்டென்று. ஏன் பொய் சொன்னீர்கள் என்று கேட்கிறார். "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்பார்கள். நான் சொன்னது ஒன்றுதான். இன்னும் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பாக்கி இருக்கிறது" என்றாராம் கலைவாணர்.

சிரித்துவிட்டீர்கள். நானும் பல ஆண்டுகளாக இந்த இடத்தில் சிரித்திருக்கிறேன். ஒருமுறை ஒரு கல்லூரியில் இதைச் சொன்னபோது, முதல் வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "ஐயா, அதற்கு மதுரம் அம்மா என்ன பதில் சொன்னார்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. இந்தக் கதையைச் சொல்லும் யாரும் அந்தப் பதிலைச் சேர்த்துச் சொல்வதில்லை. கதை கலைவாணரின் வரியோடு முடிந்துவிடுகிறது. ஒரு கை தட்டினால் ஓசை எழுமா என்று ஊருக்குச் சொல்கிறோம். கதை சொல்லும்போது மட்டும் ஒரு கையையே காட்டுகிறோம்.

அவர் என்ன பதில் சொன்னாரோ, என்ன செய்தார் என்பது ஊரறிந்த செய்தி. 1944 நவம்பரில் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் தியாகராஜ பாகவதரும் கலைவாணரும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. உயர் நீதிமன்ற மேல்முறையீடும் தோற்றது. அதன்பின் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், வழக்கு மறுபடி உயர் நீதிமன்றத்துக்கு வந்து, 1947 ஏப்ரலில் விடுதலை. நீதிபதி ஐயா முன்னிலையில் வழக்கின் உள்ளே நான் போக மாட்டேன். அந்த இரண்டரை ஆண்டுகள் வெளியே என்ன நடந்தது என்பதுதான் எனக்கு வேண்டும். கணவர் சிறையில். படமில்லை, வருமானமில்லை, வழக்குச் செலவு இலண்டன் வரை போகிறது. மதுரம் நாடகக் குழுவைக் கலைத்துவிடாமல் நடத்தினார். எஸ்.வி. சகஸ்ரநாமம் துணை நின்றார். 'பைத்தியக்காரன்' படம் எடுக்கப்பட்டது. கலைவாணர் விடுதலையாகி வந்து அதில் தாமும் நடித்துச் சேர்த்தார். பிற நாட்டில் இப்படி ஒரு பெண் இருந்திருந்தால் அவரைப் பற்றியே நான்கு படம் வந்திருக்கும்.

கலைவாணர் 1957-இல் மறைந்தார். நாற்பத்தெட்டு வயதுதான். 1969 பொங்கல் நாளில் சென்னை தியாகராய நகரில் அவர் சிலையை அண்ணா திறந்து வைத்தார். நோயுற்றிருந்த அண்ணா கலந்துகொண்ட கடைசிப் பொது நிகழ்ச்சி அது. சென்னையில் கலைவாணர் அரங்கம் இருக்கிறது. தமிழக அரசின் திரைப்பட விருதுகளில் கலைவாணர் பெயரில் ஒன்று இருக்கிறது. எல்லாம் பொருத்தமே, இன்னும் பத்து வைத்தாலும் தகும். கலைவாணர் ஒழுகினசேரியில் கட்டிய வீட்டுக்குத் தம் பெயரை வைக்கவில்லை. 'மதுரபவனம்' என்று வைத்தார். அவருக்கு இருந்த நியாய உணர்வில் கால் பங்கு நமக்கு இருந்தால் போதும்.

வேகமாகப் போகிறேன். காளி என். இரத்தினமும் சி.டி. ராஜகாந்தமும். 1941-இல் ஏவி.எம். எடுத்த 'சபாபதி' படத்தில் எஜமானரும் சபாபதி, வேலைக்காரனும் சபாபதி. டி.ஆர். ராமச்சந்திரன் எஜமான், இரத்தினம் வேலைக்காரன். இன்று பார்த்தாலும் அந்த வேலைக்காரனும் ராஜகாந்தமும் வரும் காட்சிகள் புளிக்கவில்லை. ராஜகாந்தம் முதுமையிலும் ஓய்ந்துவிடாமல் தொலைக்காட்சித் தொடர் வரை வந்து நடித்தார்.

அடுத்து தங்கவேலு. 'கல்யாணப்பரிசு' படத்து மன்னார் கம்பெனியை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை வெட்டி இல்லாமல் பெரிய கம்பெனி பெயர் சொல்லித் திரிபவரை இன்றும் நம் ஊரில் அப்படித்தான் அழைக்கிறோம். அதில் அவரை நம்பி நம்பி ஏமாறும் மனைவி எம். சரோஜா, பின்னாளில் வாழ்க்கையிலும் அவர் மனைவி. அந்த அம்மையார் அத்தனை வெகுளியாக நம்பாவிட்டால் தங்கவேலுவின் பொய் எடுபட்டிருக்குமா? 'அறிவாளி' படத்தில் பூரி சுடும் காட்சி. தங்கவேலு படிப்படியாகச் செய்முறை சொல்கிறார். ஒவ்வொரு படிக்கும் மனைவி சொல்வது ஒரே வரி. என்ன வரி? எங்கே, சேர்ந்து சொல்லுங்கள்... "அதான் எனக்குத் தெரியுமே!" அருமை. அரங்கமே சொல்கிறது. இப்போது அந்த வரியைச் சொன்ன நடிகையின் பெயரைச் சேர்ந்து சொல்லுங்கள்.

(அரங்கில் அமைதி. பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மணி பெயரைச் சொன்னார்.)

டி.பி. முத்துலட்சுமி. அம்மா, உங்களுக்கு இந்தப் பொன்னாடை. வாங்கிக்கொள்ளுங்கள், செயலாளர் தவறாக நினைக்க மாட்டார். அறுபது ஆண்டுகளாக ஒரு வரி நம் வீட்டுச் சமையலறையில் வாழ்கிறது. அதைச் சொன்னவர் பெயர் இத்தனை பேரில் ஒருவருக்குத்தான் நினைவிருக்கிறது.

நாகேஷைப் பற்றிப் பேசாமல் இறங்கினால் என்னை விடமாட்டீர்கள். தாராபுரத்துக்காரர், ரயில்வே ஊழியர். ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரனாகச் சில நிமிடமே வந்தவரைத் தலைமை தாங்க வந்த எம்.ஜி.ஆர். தனியே குறிப்பிட்டுப் பாராட்டினார். அங்கிருந்து 'சர்வர் சுந்தரம்', 'திருவிளையாடல்' தருமி, 'தில்லானா மோகனாம்பாள்' வைத்தி. 'மகளிர் மட்டும்' படத்தில் பிணமாக நடித்தே நம்மைச் சிரிக்க வைத்தார். உயிரோடு நடிப்பவர்களில் பலருக்கு அது வராது. அத்தனை பெரிய கலைஞர் பத்ம விருது எதுவும் இல்லாமலே 2009-இல் போய்ச் சேர்ந்தார். அது தனிக் குறை; அதற்குத் தனிக் கூட்டம் போடுவோம்.

நாகேஷ் வைத்தியாக வந்த அதே படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக மனோரமா. சிவாஜியும் பத்மினியும் நாதசுவரமும் பரதமுமாக நிறைந்த படத்தில், ஓரத்தில் நின்ற நாடகக்காரி நம் மனத்தில் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டார். மன்னார்குடியில் பிறந்து பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகம் ஆடி, 1958-இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வழியாகத் திரைக்கு வந்தவர், ஆயிரம் படம் தாண்டிக் கின்னஸ் புத்தகம் வரை போனார். பெண்களை மறந்துவிட்டோம் என்கிறீர்களே, மனோரமாவைக் கொண்டாடவில்லையா என்று தலைமையாசிரியர் கேட்கலாம். கொண்டாடினோம், பெரும்பாலும் 'பெண் சிவாஜி' என்று. அப்போதும் ஓர் ஆணின் பெயர் வேண்டியிருந்தது நமக்கு.

இன்றைக்கு வருகிறேன். கவுண்டமணியையும் செந்திலையும் பற்றிப் பேச வாழைப்பழம் ஒன்றே போதும். அந்தக் 'கரகாட்டக்காரன்' குழுவில் கோவை சரளாவும் இருந்தார். அவரே 1995-இல் 'சதிலீலாவதி'யில் கமல்ஹாசனுக்கு ஈடாகக் கோவைத் தமிழில் பொரிந்து தள்ளினார். விவேக் மரம் நட்டார்; மறைந்த பிறகும் ஊர்தோறும் அவர் பெயரால் நடுகிறார்கள். வடிவேலுவின் மதுரைத் தமிழ் இல்லாமல் இன்று நம் இளைஞர்களால் கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்ப முடியாது. வட்டார வழக்கைப் பற்றி விரிவாகப் பேசுவதாகச் சொன்னேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதுமைக் காலம் பற்றிய மூன்றாம் பகுதிக்கும் நேரமில்லை. அடுத்த ஆண்டு அழைத்தால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். கலைவாணர் பெயரில் விருது இருப்பதுபோல், நகைச்சுவை நடிகைக்கு மதுரம் பெயரில் ஒரு விருது வேண்டும். திருவரங்கத்தில் ஒரு சிறிய கலையரங்குக்கோ, ஒரு தெருவுக்கோ, குறைந்தது ஒரு நூலகத்துக்கோ அவர் பெயர் வேண்டும். இதை முன்பே ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். பதில் வந்தது: "மதுரை தொடர்பான தங்கள் கோரிக்கை உரிய மாவட்டத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது." கலைவாணர் இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு நாடகம் போட்டிருப்பார். இதிலும் ஒரு கை தட்டினால் ஓசை எழாது என்பதால்தான் உங்களிடம் வந்திருக்கிறேன்.

மாமன்ற உறுப்பினர் அம்மையார் மாமன்றத்தில் இதை எழுப்புவதாகச் சற்று முன் என் காதில் சொன்னார். நான் ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். அம்மையார் மன்னிக்க வேண்டும், இனிப் பின்வாங்க முடியாது. கையெழுத்துப் படிவம் வாசலில் இடப்பக்க மேசையில் இருக்கிறது. பெயரும் தெருவும் தெளிவாக எழுதுங்கள். பேனா இரண்டுதான் இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். செயலாளர் வழங்கும் சுண்டல் வலப்பக்க மேசையில். வரிசை இடப்பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. வணக்கம்.