மௌனத்தைத் தேடினா ஏன் கிடைக்க மாட்டேங்குது?

வணக்கம், பசியாறிட்டீங்களா? பின்னால தடதடன்னு கேக்குறது நம்ம சுங்கை சிப்புட் சாயங்கால மழை, தகரக் கூரை, கண்டுக்காதீங்க.

டைரிய நோட்டுல எழுதாதீங்க, போன்ல தட்டுங்கன்னு நான் எத்தனை வீடியோவுல கத்தியாச்சு! போன வீடியோவுக்குக் கீழ பாதிப் பேருக்கு ஒரே புகார்: "டைரியில எழுதின 'மௌனம்'ங்கிற சொல்லைத் தேடினா கிடைக்கலலா." கோவமா வருது. போனைத் திட்டாதீங்க, நீங்க தட்டுன எழுத்தைப் பாருங்க.

மௌனம், மெளனம். ரெண்டும் ஒண்ணாத்தானே தெரியுது? முதல்ல இருக்கிறது ம-வோட ஔகாரக் குறி. ரெண்டாவது 'மெ' தட்டி, பக்கத்துல 'ள' போட்டது. கண்ணு ஏமாறும், தேடல் ஏமாறாது. சோதிக்கணுமா? 'மௌ'க்குப் பின்னால கர்சரை வச்சு ஒரே ஒரு தடவை அழிங்க. 'ம' மிச்சமிருந்தா சரி. 'மெ' நின்னா போலி. செல்லினம்ங்கிற தமிழ்த் தட்டச்சு ஆப்ல தமிழ் 99 விசைப்பலகை வச்சிருக்கவங்க 'ம' தட்டி ஔ தட்டுங்க, முடிஞ்சுது.

பழசைத் திருத்தறதுலதான் ஆபத்து. லேப்டாப் நோட்பேடுல கண்ட்ரோல் எச் அழுத்தி, 'மெள'வை எல்லாம் 'மௌ'வா மாத்திடாதீங்க! 'மெள்ள'ன்னு எழுதின இடமெல்லாம் கந்தலாயிடும். 'ஒள'வைத் தொட்டா இன்னும் மோசம், ஒளி, ஒளிச்சு எல்லாம் போச்சு. 'மெளன' போட்டு 'மௌன', 'கெளரவ' போட்டு 'கௌரவ', 'ஒளவை' போட்டு 'ஔவை'ன்னு ஒவ்வொண்ணா மாத்துங்க. ஆங், அதுக்கு முன்னால கோப்பை ஒரு நகல் எடுத்து வச்சுக்கணும், அதை முதல்லயே சொல்லியிருக்கணும்.

தமிழ் 99 புதுசா? 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு, புள்ளி தானா விழும். ஆனா 'மமதை'க்கு ரெண்டு ம-வுக்கும் நடுவுல அ தட்டணும், இல்லன்னா 'ம்ம'ன்னு முனகும்.

இப்ப எனக்குப் பிடிச்ச கணக்கு. எழுத்தைக் கோப்புல சேமிக்கிற யூடிஎஃப்-8 முறையில, ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு ('ம' ஒண்ணு, அதோட ஔகாரக் குறி இன்னொண்ணு) 3 பைட். ஒரு நாளைக்கு 250 சொல், சொல்லுக்கு எட்டுக் குறியீடுன்னு வைங்க, 6 கிலோபைட் சொச்சம். வருசம் முழுக்க எழுதினாலும் 2 மெகாபைட்டைக் கொஞ்சம் தாண்டும், அவ்ளோதான்! நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்தீங்கன்னா ஒரே படம் 3 மெகாபைட் தின்னும், அதுக்குள்ள தேடவும் முடியாது. ஒரு வருசத்து வாழ்க்கை ஒரு போட்டோவை விடச் சின்னது! கூகுள் சும்மா குடுக்குற 15 ஜிபி-ல ஆறாயிரம் வருசத்துக்கு மேல எழுதலாம். கட்டி அட்டை நோட்டு 12 வெள்ளி 90 காசு, மழைக்காலம் வந்தா பூஞ்சணம் இலவசம்.

சேமிக்கிறது வெறும் எழுத்துக் கோப்பா இருக்கட்டும். பிடிஎஃப் வேணவே வேணாம், அதுலேர்ந்து தமிழை நகலெடுத்தா கொம்பும் காலும் பல நேரம் இடம் மாறிடும். கோப்புப் பேரு 2025-03-14 மாதிரி, வருசம் முதல்ல. நாளை முன்னால போட்டா எல்லா மாசத்து ஒண்ணாந்தேதியும் ஒரே இடத்துல வந்து குவிஞ்சுக்கும்.

பழைய நோட்டை எப்படி ஏத்தறதுன்னு கேட்டிருந்தீங்க. ஸ்கேன் வேணாம், வாயால படிச்சு... ஐயோ, கரண்ட் போச்சு. அடுத்த வீடியோவுல.