ராட்சதக் கோள்கள் துணையல்ல, தொல்லையே!

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

'பூமி போன்ற உலகங்கள் உருவாக ராட்சதக் கோள்கள் துணையா, தொல்லையா?' என்பது தலைப்பு. துணையே என்று பேசிய நண்பர், "குரு பார்க்க கோடி நன்மை" என்று முடித்துக் கைதட்டல் வாங்கினார். நானும்தான் தட்டினேன். ஆனால் அந்த குரு, அதாவது வியாழன், 1767இல் ஒரு வால்மீனைப் பார்த்த கதையை அவர் சொல்லவில்லை.

அதுவரை தூரத்தில் சுற்றிக்கொண்டிருந்த வால்மீன் அது. வியாழனை நெருங்கியது, வியாழனின் ஈர்ப்பு அதன் பாதையை மாற்றி உள்ளே திருப்பிவிட்டது. 1770 ஜூலையில் அது பூமியை ஏறக்குறைய 23 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் கடந்தது. நிலா இருக்கும் தூரத்தைப் போல ஆறு மடங்குதான்! லெக்செல் என்ற கணித அறிஞர் அதன் பாதையைக் கணக்கிட்டுக் காட்டினார். 1779இல் மறுபடியும் வியாழனிடம் போய் மாட்டியது, வெளியே வீசப்பட்டது. எதிரணியினர் 1779ஐ வரவு வைக்கிறார்கள், 1767ஐச் செலவில் எழுத மறந்துவிடுகிறார்கள்.

1994இல் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீன் வியாழனில் மோதியதையும் நண்பர் சொன்னார். நமக்காக அடி வாங்கியதாம்! ஐயா, அது வியாழன் தானே பிடித்துத் தன்னைச் சுற்ற வைத்திருந்த வால்மீன். பூமியை நோக்கி வந்ததைக் குறுக்கே பாய்ந்து தடுத்த கதையில்லை அது.

வியாழன் இல்லாவிட்டால் வால்மீன் மோதல்கள் ஆயிரம் மடங்குவரை கூடியிருக்கலாம் என்று விஞ்ஞானி ஜார்ஜ் வெதரில் 1994இல் கணக்குச் சொன்னார். மிகத் தொலைவிலுள்ள ஊர்ட் மேகத்திலிருந்து வரும் வால்மீன்களைப் பொறுத்தவரை வியாழன் காவல்காரன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மோதுபவை அவை மட்டுமா? வானியலாளர்கள் ஜான்ட்டி ஹார்னரும் பேரி ஜோன்ஸும் 2008 முதல் கணினியில் வியாழனின் நிறையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். குறுகிய கால வால்மீன்கள், அதாவது இருநூறு ஆண்டுக்குள் சூரியனை ஒருமுறை சுற்றிவருபவை, விஷயத்தில் வியாழன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரிய வித்தியாசமில்லை. வியாழனின் இடத்தில் அதில் ஐந்தில் ஒரு பங்கு நிறையுள்ள கோளை வைத்தால்தான் மோதல் உச்சத்துக்குப் போகிறது. சனி அளவைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். அதாவது, ராட்சதன் வேண்டும் என்று கேட்கிறவர் எத்தனை கிலோ ராட்சதன் என்றும் சொல்லியாக வேண்டும்.

சரி, மோதலை விடுவோம். தலைப்பு உலகங்கள் உருவாவதைப் பற்றியது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே ஏன் ஒரு கோள் இல்லை? வியாழனின் இழுபறியில் அங்கிருந்த பொருள் ஒன்றுசேர முடியவில்லை, பெரும்பகுதி சிதறியும் போனது. இன்று சிறுகோள் பட்டை மொத்தத்தையும் திரட்டினாலும் நிலாவின் நிறையில் சுமார் 3 சதவீதம்தான் தேறும். அப்புறம் செவ்வாய். பூமியின் நிறையில் பத்தில் ஒரு பங்கு. கெவின் வால்ஷின் ஆய்வுக் குழு 2011இல் வைத்த கருத்துப்படி, வியாழன் ஒரு காலத்தில் இன்றைய செவ்வாயின் தூரம் வரை உள்ளே வந்து, சனியால் திரும்பிப் போனது. உண்மையான குருப்பெயர்ச்சி என்றால் அதுதான்! அந்தப் பெயர்ச்சியில் செவ்வாய்க்கான பொருள் பறிபோனது. செவ்வாய் இன்னும் பெரிதாக வளர்ந்திருந்தால் தன் காற்றை இப்படி இழந்திருக்காது என்று நினைக்க நியாயம் உண்டு. ஒரு உலகத்தைக் காத்ததாகச் சொல்கிறீர்களே, பக்கத்து வீடு போனதை யார் கணக்கில் சேர்ப்பது?

"தண்ணீருள்ள விண்கற்களைப் பூமிக்கு வியாழன்தானே அனுப்பியது?" என்று கேட்பார்கள். கொஞ்சம் அனுப்பியிருக்கும். ஆனால் பூமியின் மூலப்பொருளை ஒத்த என்ஸ்டடைட் காண்ட்ரைட் விண்கற்களை 2020இல் லோரெட் பியானியின் ஆய்வுக் குழு ஆராய்ந்தது. நம் கடல்களைப் போல மூன்று மடங்கு தண்ணீருக்காவது போதுமான ஹைட்ரஜன் அந்தக் கற்களாலேயே வந்திருக்கலாம் என்று கண்டது. கூரியர் வராவிட்டாலும் வீட்டில் சரக்கு இருந்திருக்கிறது.

வேறு சூரியன்களைப் பாருங்கள். 1995இல் கண்டுபிடித்த 51 பெகாசி பி, தன் விண்மீனை 4.2 நாளில் சுற்றிவரும் ராட்சதன். இப்படி ஒட்டிக்கொண்டு சுற்றுபவற்றின் அருகே வேறு கோள்கள் அபூர்வம். மறுபக்கம், 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறு விண்மீன். பூமி அளவில் ஏழு கோள்கள், அவற்றில் குறைந்தது மூன்று திரவ நீர் இருக்கச் சாத்தியமுள்ள தூரத்தில். அங்கே இதுவரை எந்த ராட்சதக் கோளும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"அங்கே உயிர் இருக்கிறதா?" என்று எதிரணி கிளம்பும். தலைப்பு அதுவல்ல, நடுவர் அவர்களே. எந்த குருவின் பார்வையில் அந்த ஏழும் உருவாயின? அடுத்து வரும் நண்பர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும்.